அப்பா வேஷம்: சபா மேடையிலிருந்து சீரியல் கூடம் வரை

எந்த மெகா தொடரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்து சோபாவில் நரைத்த முடியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாமியார் கத்துவார், மருமகள் அழுவாள், மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடப்பான். சோபாக்காரருக்கு மூன்று வரி வசனம் இருக்கும். அதைப் பேசுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் மற்றவர்கள் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். குணச்சித்திர நடிகரின் தொழிலில் முக்கால் பங்கு கேட்பதுதான் என்பதை உறுதியாகச் சொல்வேன். மேடையில் கேட்பது ஒரு மாதிரி, கேமரா முன்னால் கேட்பது வேறு மாதிரி. சென்னையில் இந்த வேஷங்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் முதலாவதைக் கற்றுக்கொண்டு இரண்டாவதற்கு வந்தவர்கள்.

அவர்கள் வந்த வழி அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். பகலில் ஓர் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை. ஏ.ஜி. ஆபீஸ் (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகம்), ரயில்வே, வங்கி, எல்.ஐ.சி. என்று மாதச் சம்பளம் வரும் வேலை ஒன்று இருந்ததால்தான் சபா நாடகமே நடந்தது. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ்காரர், நாகேஷ் ரயில்வேக்காரர். பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் இருந்தவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. 2008 அக்டோபரில் மறைகிற வரை அந்தக் குரலில் செய்தி வாசிப்பவரின் தெளிவு போகவே இல்லை. டெல்லி கணேஷ் 1964 முதல் 1974 வரை விமானப்படையில் வேலை பார்த்தார். டெல்லியில் தமிழ் நாடகக் குழுவில் நடித்துவிட்டுச் சென்னை வந்து, காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். பாலசந்தர் அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்து அந்தப் பெயரையும் வைத்தார். அதற்கப்புறம் 2024 நவம்பரில் காலமாகும்வரை நூற்றுக்கணக்கான படங்கள், தொடர்கள். இவர்களில் யாரையும் தோற்றத்துக்காகக் கூப்பிடவில்லை. குரலுக்காகவும், கூட நடிப்பவரின் வசனம் கெடாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கத்துக்காகவும் கூப்பிட்டார்கள்.

முதலில் மேடை. வாணி மகால், நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி சபா என்று ஒவ்வொரு ஹாலுக்கும் ஒரு குணம் உண்டு. குழு மதியமே போய்விடும். செட், லைட், மைக் எல்லாம் முடிந்து நடிகருக்கு மேடை கிடைக்கும்போது திரை தூக்க அரைமணி கூட இருக்காது. அந்த அரைமணியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேடையின் நான்கு மூலையிலும் நின்று, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து ஒரு வரி பேசிப் பார்ப்பது. தொங்கும் மைக் இருக்கும் ஹாலில், இரண்டு மைக்குக்கு நடுவே குரல் விழுந்துபோகும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். முக்கியமான வசனத்தை அங்கே நின்று பேசினால் பாதிப் பேருக்குக் கேட்காது. தரையோரம் வைக்கும் மைக்கோ காலடிச் சத்தத்தை முதலில் பிடிக்கும், வசனத்தை அப்புறம்தான். மரப்பலகை மேடையில் அப்பா வேஷக்காரர் வெறுங்காலோடு நடப்பதற்கு வீட்டுக்குள் நடக்கும் கதை என்பது மட்டும் காரணமில்லை.

காலர் மைக் வந்த பிறகு பிரச்சினை வேறு இடத்துக்குப் போயிற்று. பட்டு அங்கவஸ்திரம் மைக்கில் உரசினால் கரகரவென்று ஹால் முழுக்கக் கேட்கும். மைக்கை மார்பெலும்புக்கு நேராக, சட்டையின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி, வயரில் ஒரு சின்னச் சுற்று விட்டுவிட்டு இன்னொரு டேப் போட வேண்டும். அந்தச் சுற்று இல்லையென்றால் குனிந்து ஆசீர்வாதம் பண்ணும்போது வயர் இழுத்துக்கொண்டு மைக் கழன்றுவிடும். டிரான்ஸ்மிட்டர் இடுப்பில் வேர்வையில் ஊறாமல் இருக்க அதைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுவார்கள். பேட்டரி பாதி இருக்கிறது என்று சொன்னாலும் ஏற்காமல், ஒவ்வொரு காட்சி நாளுக்கும் புதுசு போட்டுவிடுவதுதான் சரி. இரண்டு மணி நேர நாடகத்தில் அது சாகப்போவது கிளைமாக்ஸில்தான்.

ஒட்டுமீசை, நரை இரண்டும் தனிப் பாடம். ஒட்டும் இடத்தை முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். மீசை ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம் தடவி அரை நிமிஷம் விட்டு, விரலால் தொட்டால் நூல் மாதிரி இழுக்கும் பதத்தில் மீசையை வைத்து, ஈரத்துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் கம் ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் இரண்டாம் காட்சியில் ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும். மேலுதட்டு வேர்வை மீதியைப் பார்த்துக்கொள்ளும். நரைக்கு டால்கம் பவுடரைத் தூவுவது பழைய குறுக்கு வழி. தலையில் கை வைத்தால் தோளெல்லாம் வெள்ளை. மேக்கப் வெள்ளையை பிரஷ்ஷில் எடுத்துக் காதோரத்தில் ஆரம்பித்து, முதலில் முடியின் திசைக்கு எதிராகத் தடவி, பிறகு சீப்பால் படிய வாரினால் வேரிலிருந்தே நரைத்ததுபோல் நிற்கும். புருவத்தில் கொஞ்சமாவது தொட வேண்டும். புருவம் கறுப்பாகவே இருந்தால் முன்வரிசைக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி மேடையில் கேட்பதைப் பற்றி. சபா ரசிகர் யாரைப் பார்ப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். அதனால் பேசாமல் இருப்பவர் அசைந்தால் பார்வை அங்கே போய்விடும், பேசுபவரின் வரி வீணாகிவிடும். நல்ல அப்பா வேஷக்காரர் தலையைத் திருப்புவதையும் கண்ணாடியைக் கழற்றுவதையும் மற்றவரின் வசனம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வார். சிரிப்பு வரும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிரிப்பு ஏறும்போது பேசினால் வசனம் கேட்காது. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும். உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பிக்கும் இடத்தில், முதல் சொல்லைச் சற்று உயர்த்திப் போட்டு உள்ளே வர வேண்டும். அதுவரை சும்மா நிற்காமல், பேப்பரை மடிப்பது மாதிரி பாத்திரத்துக்குப் பொருந்தும் ஒரு சின்ன வேலை கையில் இருக்க வேண்டும். இதை எந்தப் பட்டறையிலும் முழுசாகச் சொல்லித்தர முடியாது. ஐம்பது காட்சி நடித்தால் உடம்புக்கே தெரிந்துவிடும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகம் என்று ஒன்று வந்ததும் சபாக் குழுக்கள் இரண்டு மணி நேர நாடகத்தை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கிக்கொண்டு அங்கே போனார்கள். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்து, 1999-இல் 'சித்தி' மாதிரி தினசரி நெடுந்தொடர்கள் ஊரைப் பிடித்த பிறகு, அரைமணி நேரத்துக்கு 22 நிமிஷம் கதை, வாரத்துக்கு ஐந்தாறு நாள் என்ற கணக்கு நிலைத்துவிட்டது. சாயங்காலம் வீட்டிலேயே கதை கிடைத்ததால் சபாவில் கூட்டம் குறைந்தது. அதே காரணத்தால் சபா நடிகர்களுக்கு முதல்முறையாக மாதம் முழுக்க நடிப்பு வேலையும் கிடைத்தது.

சாலிகிராமம், வளசரவாக்கம், விருகம்பாக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை என்று வாடகை பங்களாக்களில் நடக்கும் இந்தப் படப்பிடிப்பு மேடைக்காரர்களைத் திணற அடிப்பது ஒரே விஷயத்தில்தான்: பிராம்ப்ட்டிங். காலை ஒன்பது மணிக்குப் போனால் சீன் பேப்பர் அப்போதுதான் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கும். இரவு ஒன்பதுக்குள் குறித்த சீன்களை முடித்தாக வேண்டும். மனப்பாடத்துக்கு நேரம் கிடையாது. உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல, நடிகர் திருப்பிச் சொல்வார்.

இதில் கெட்டுப்போவது மூன்று. முதலாவது கண். சத்தம் வரும் பக்கம் அது தன்னால் போகும். ஒரு மில்லிமீட்டர் போனாலும் க்ளோஸ் ஷாட்டில் தெரியும். இரண்டாவது முகம். அடுத்த துண்டுக்காகக் காது காத்திருக்கும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது. மூன்றாவது தாளம். பிராம்ப்ட் செய்பவரின் இழுவையிலேயே எல்லாரும் பேச, மாமனாரும் மருமகனும் ஒரே ஆள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். தேர்ந்த நடிகர் செய்வது இது. ரிகர்சலில், அதாவது கோடம்பாக்கத்தில் 'மானிட்டர்' என்று சொல்வார்களே அதில், சீனின் பொருளை மட்டும் பிடித்துக்கொள்வார்: யாரிடம் என்ன கேட்கிறேன், அது கிடைத்ததா இல்லையா. பிராம்ப்ட் செய்பவரிடம், “தம்பி, முழு லைன் வேண்டாம், முதல் மூணு வார்த்தை எடுத்துக் குடுங்க போதும்” என்று சொல்லிவைப்பார். தன் லுக், அதாவது காட்சியில் தான் பார்க்க வேண்டிய திசை, எந்தப் பக்கமோ அதே பக்கத்தில், லென்ஸுக்குக் கீழே உட்கார்ந்து சொல்லச் சொல்வார். எதிராளி வசனத்தின் கடைசிச் சொற்கள் ஓடும்போதே தனக்கான எடுப்பை வாங்கிக்கொள்வார். அப்போது கேட்கிற முகம், எதிராளியைக் கேட்கிற முகமாகவே பதிவாகும். ஒரே காது இரண்டு பேரைக் கேட்கப் பழக வேண்டும். ஆறு மாதமாவது ஆகும்.

லைவ் சவுண்டில், அதாவது டப்பிங் இல்லாமல் படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்து எடுக்கும் தொடர்களில் இந்த வழியெல்லாம் செல்லாது. அங்கே வசனம் மனப்பாடமாக வேண்டும். பத்து வரியை மூன்று தடவை படித்துப் பிடித்துக்கொள்ளும் நாடகக்காரருக்கு அங்கே தனி மரியாதை.

ரியாக்‌ஷன் ஷாட்டைப் பற்றி வெளியில் கேலியாகப் பேசுவார்கள். டமார் என்ற சத்தத்தோடு ஒவ்வொரு முகமாகக் காட்டுவதைச் சொல்கிறார்கள். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சீன் முடிந்ததும், “சார், உங்களுக்கு மட்டும் ரியாக்‌ஷன் எடுத்துக்கறோம்” என்பார்கள். எதிரே ஆள் இருக்காது. மகளாக நடித்தவர் அடுத்த சீனுக்குப் புடவை மாற்றப் போயிருப்பார். லைட் ஸ்டாண்டில் ஒட்டிய டேப் துண்டுதான் மகள். “அதிர்ச்சி… மெதுவா கோபம்… அப்படியே கீழ பாருங்க” என்று இயக்குநர் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும். அது எந்த வசனத்துக்குப் பக்கத்தில் எடிட்டிங்கில் உட்காரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. மேடைப் பழக்கத்தில் இதைச் செய்தால் புருவம், வாய், தோள் மூன்றும் சேர்ந்து ஏறும். க்ளோஸில் அது பொய்யாகத் தெரியும். சரியான வழி, உணர்ச்சியை விட்டுவிட்டு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வது. இந்தச் செய்தியைக் கேட்டதும் இந்த அப்பா முதலில் யாரைப் பார்ப்பார்? மனைவியையா, சின்ன மகனையா, சுவரில் இருக்கும் தன் அம்மா படத்தையா? அதை முடிவு செய்துவிட்டால் கண் அங்கே போகும், போன கண் திரும்பி வரும், அவ்வளவு போதும். எடிட்டருக்கு வெட்டத் தெளிவான இடமும் கிடைக்கும். பார்வை போவதற்கு முன்னும் வந்த பிறகும் இரண்டு விநாடி அசையாமல் இருப்பவரின் ஷாட்தான் எபிசோடில் தங்கும். மேடையில் அசையாமல் கேட்கப் பழகியவருக்கு இந்த இடத்தில் பழைய கணக்கு உதவுகிறது.

உடை அநேகமாகச் சொந்தம். வேட்டி, அரைக்கை, முழுக்கைச் சட்டை என்று எட்டு பத்து செட் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கும். பளீர் வெள்ளை கேமராவில் வெளிறிப்போய் முகத்தை இருட்டடிக்கும், அதனால் சந்தன நிறம், வெளிர்நீலம். நெருக்கமான கோடும் பொடிக் கட்டமும் திரையில் அலையடிக்கும், அதுவும் கூடாது. பெரிய தலைவலி கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறாமல் பார்த்துக்கொள்வது. கதையில் ஒரே நாளில் நடக்கும் கல்யாணம் திரையில் மூன்று வாரம் ஓடும், படப்பிடிப்பு இரண்டு ஷெட்யூலுக்குப் பிரிந்து நடக்கும். அத்தனை நாளும் அதே சட்டை. அதனால் விசேஷ சீன் வரப்போகிறது என்று தெரிந்தால் ஒரே சட்டையில் இரண்டு வாங்கிவைப்பது புத்திசாலித்தனம். ஒன்று வேர்வையில் நனையும்போது மற்றது தயாராக இருக்கும். கிளம்புமுன் முன்பக்கம், பின்பக்கம், கைக்கடிகாரம், நெற்றி என்று நான்கு போட்டோ போனில் எடுத்து, சீன் நம்பரோடு வைத்துக்கொள்ள வேண்டும். உதவி இயக்குநர் எடுத்திருப்பார்தான், ஆனால் தொடர் ஓடுகிற இரண்டு மூன்று வருஷத்தில் உதவி இயக்குநர்கள் மாறுவார்கள். விபூதி மூன்று கோடா ஒற்றைக் கீற்றா, சட்டைக் கை எத்தனை மடிப்பு என்பதெல்லாம் நடிகர் பொறுப்பில் இருந்தால்தான் தப்பாமல் இருக்கும். நாடகத்துக்கும் தொடருக்கும் நடுவே ஓடுபவர் முடிவெட்டும் தேதியைக்கூட இரண்டு பக்கமும் கேட்டுத்தான் வைக்க முடியும்.

டப்பிங் தனி நாள். படப்பிடிப்பில் அடையாளத்துக்காக மட்டும் பதிவான ஒலியான பைலட் ட்ராக்கில் பிராம்ப்ட் குரலும் ஜெனரேட்டர் சத்தமும் சேர்ந்தே இருக்கும். இருட்டு அறையில் அதைக் கேட்டு, திரையில் உதட்டைப் பார்த்து, மறுபடி பேச வேண்டும். உதடு ஒட்டும் எழுத்துகளான ப, ம இரண்டும் சரியாக உட்கார்ந்துவிட்டால் நடுவில் இருப்பதைப் பார்வையாளர் கண்டுபிடிக்க மாட்டார். பலரும் சறுக்குவது கத்தும் காட்சிகளில். உட்கார்ந்துகொண்டு கத்தினால் தொண்டையிலிருந்துதான் வரும், அன்றைக்கே குரல் கட்டிவிடும். எழுந்து நின்று, ஒரு காலை முன்னால் வைத்து, வயிற்றிலிருந்து எடுத்துப் பேச வேண்டும். மைக்கிலிருந்து ஒரு அடி கூடுதலாகத் தள்ளியும் நிற்க வேண்டும். கத்தல் சீன்களை நாளின் கடைசியில் வைக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கேட்காதவர்களுக்குத்தான் காலையிலேயே அது வரும்.

இந்த வேலை உடம்பை எவ்வளவு வாங்குகிறது என்பதை வெளியுலகம் கவனித்தது ஜி. மாரிமுத்து இறந்தபோது. உதவி இயக்குநர், இயக்குநர் என்று இருந்து, சினிமாவில் சின்ன வேஷங்கள் செய்து, 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரனாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தவர். 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போது உடம்பு சரியில்லாமல் போய், மாரடைப்பில் மறைந்தார். தொடர் நிற்கவில்லை, நிறுத்தவும் முடியாது. அந்த வேஷத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டு அடுத்த காட்சிக்குப் போவதுதான் தினசரித் தொடரின் நடைமுறை. அதைக் கொடுமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஐம்பது அறுபது பேரின் தினக்கூலி அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அறுபதைத் தாண்டிய நடிகரை தினமும் பன்னிரண்டு மணி நேரம் உட்காரவைத்து, இரண்டு வேளை சாப்பாடு தள்ளிப்போக விடுவதற்கு அந்த உண்மை சாக்காக முடியாது. வயதானவர் சீன்களை முதலில் எடுத்து மத்தியானம் அனுப்பிவிடும் செட்டுகள் இருக்கின்றன. திட்டமிட்டால் முடிகிறது என்பதற்கு அவையே சாட்சி.

பணக் கணக்கில் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். சம்பளம் நாள் கணக்கு. வேலை செய்து ஒன்றிரண்டு மாதம் தள்ளித்தான் பெரும்பாலும் கைக்கு வரும். அதனால் தேதி, தொடர், வந்த நேரம், போன நேரம், சீன் எண்ணிக்கை என்று ஒரு டயரி வேண்டும். தயாரிப்பு நிர்வாகி மாறினால் அந்த டயரிதான் பேசும். ஒரு லட்சத்துக்கு பில் போட்டால் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து 90,000 வரும். பிடித்ததைக் கட்டினார்களா என்று வருமான வரித்துறையின் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது. 2020 மார்ச்சில் படப்பிடிப்பெல்லாம் நின்றபோது, ஆபீஸ் பென்ஷன் இருந்த பழைய சபா நடிகர்கள் தாங்கினார்கள். இருபத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு நேரே தொடருக்கு வந்தவர்கள்தான் திண்டாடினார்கள். அப்பா வேஷத்துக்கு வர விரும்பும் இளைஞர்களிடம் வேலையை விடாதே என்று மூத்தவர்கள் சொல்வதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பாத்திரம் கதையில் வேண்டாம் என்றானதும் போட்டோவுக்கு மாலை போட்டுவிடுவார்கள். நடிகருக்கு அது சில சமயம் அந்த வாரம்தான் தெரியவரும்.

இத்தனைக்கும் நடுவில் மேடையை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழா வரும்போது அவர்களுடைய தேதிகளைப் பார்த்தால் புரியும். தொடரின் தயாரிப்பு நிர்வாகியிடம் ஒரு மாதம் முன்பே நாளைச் சொல்லி, “சனிக்கிழமை மட்டும் அஞ்சு மணிக்கு விட்டுடுங்க” என்று எழுத்தில் வாங்கிவைப்பார்கள். வாய்வார்த்தையாக வாங்கிய அனுமதி அன்றைக்கு மழை வந்தால் போயிற்று. ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலை. அதில் முதல் ஒத்திகை முழுக்கக் குரலுக்குத்தான். தொடரில் பழகிய குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. வசனத்தின் கடைசி அசை உள்ளுக்குள்ளேயே கரைந்துபோகும். கடைசிச் சொல்லை விழுங்காமல் பேசுவதற்கு, ஒவ்வொரு வரியின் முடிவிலும் கையைத் தட்டிக்கொண்டே ஒரு முறை முழு நாடகத்தையும் பேசிப் பார்ப்பார்கள். இரண்டாம் ஒத்திகையில் கையை எடுத்துவிடலாம். மூன்றாவது, முடிந்தால் அந்த ஹாலிலேயே, மைக் இல்லாமல்.